சிறுநீர்ப்பைச் சதைப் பரிசோதனை அறிக்கையில் புரதக் குறிகளையும் வைரஸ் பற்றிய வரியையும் வாசிக்கும் முறை

சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த சதைத்துண்டின் அறிக்கையைக் கையில் வாங்கும் குடும்பத்தவர் பெரும்பாலும் அதனைக் கடைசிப் பக்கத்திலிருந்தே வாசிக்கத் தொடங்குகின்றனர். பி53 பொசிற்றிவ், பி16 பொசிற்றிவ், கி-67 நாற்பது சதவீதம் என்று அங்கேதான் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கொரோனாக் காலத்துக்குப் பின்னர் எங்கள் ஊரில் ‘பொசிற்றிவ்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. கொக்குவிலில் எனக்கு உறவுமுறையான ஒரு பிள்ளை, தகப்பனின் அறிக்கையைத் தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பிவிட்டு, “மாமா, இதில வைரஸ் எண்டும் எழுதிக் கிடக்குது. அப்பான்ர கோப்பையைப் புறம்பா வைக்கோணுமோ?” என்று கேட்டாள். தேவையில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. ஏன் தேவையில்லை என்று விளக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. ஆய்வுகூட மேசையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில், அன்று சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகின்றேன். நோயாளியைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்கவேண்டியதைச் சரியாகக் கேட்பதற்கு இது உதவும். அதற்கு மேல் இதனைக் கொண்டு எந்த முடிவும் எடுக்கவேண்டாம்.

முன்பக்கத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்

அறிக்கையின் முன்பக்கத்தில் நான்கு செய்திகளைத் தேடவேண்டும்: புற்று எவ்வகைக் கலத்தில் தோன்றியது, அது தாழ்தரமா உயர்தரமா (இங்கே உயர்தரம் என்பது கூடுதல் மூர்க்கமானது), சிறுநீர்ப்பைச் சுவரின் எந்தப் படை வரை இறங்கியுள்ளது, ஆய்வுக்கு வந்த துண்டில் தசைப்படை இருந்ததா. முதலாவதற்கு விடை பெரும்பாலும் சிறுநீர்வழியின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மேலணிக் கலம் என்றே வரும். இறக்கத்தை ரிஏ, ரி1, ரி2 என்று குறிப்பர். ரிஏ மேலணியோடு நிற்பது, ரி1 அதற்குக் கீழுள்ள இணைப்பிழையத்துக்குள் புகுந்தது, ரி2 தசைக்குள் சென்றுவிட்டது. முதன்முறை கண்டறியப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு நோய் தசையை எட்டியிருப்பதில்லை.

‘தசை காணப்படவில்லை’ என்று ஒரு வரி இருந்தால் அதனை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக்கூடாது. தசையில் புற்று இல்லை என்பது ஒன்று. பார்ப்பதற்குத் தசையே துண்டில் வரவில்லை என்பது வேறொன்று. உயர்தர ரி1 புற்றாயின் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் இன்னொரு முறை சுரண்டி எடுத்துப் பார்ப்பது வழக்கம். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் இந்த ஒரு வரிக்குள்ள கனம், பின்பக்கத்துப் புரதங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராது.

நிறம் எங்கே படிந்தது என்று பாருங்கள்

பின்பக்கத்துக்கு இப்போது வரலாம். சதைத்துண்டை போர்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிப்பில் சீவி, கண்ணாடித் தட்டில் ஒட்டுவார்கள். அதன்மீது ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை விட்டு, அது பற்றிய இடத்தில் கபில நிறம் தோன்றும்படி செய்வார்கள்; மற்றக் கலக்கருக்கள் நீலமாக நிற்கும். ஆகவே ‘பொசிற்றிவ்’ என்றால் நிறம் படிந்தது என்பதே பொருள். அது நல்லதா கெட்டதா என்பது எந்தப் புரதம், எந்தப் படையில், எவ்வளவு கலங்களில் என்பதைப் பொறுத்தது.

சில குறிகள் புற்றின் பூர்வீகத்தைக் கேட்பவை. முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பைக் கழுத்தில் கட்டியிருந்தால் அது சிறுநீர்ப்பையில் தோன்றியதா, அருகிலுள்ள புரஸ்டேற் சுரப்பியிலிருந்து வந்ததா என்ற ஐயம் எழும்; காட்டா3 என்னும் புரதம் தெரிந்தால் முதலாவதன் பக்கமும், புரஸ்டேற்றின் புரதமான பி.எஸ்.ஏ. தெரிந்தால் இரண்டாவதன் பக்கமும் தராசு சாயும். இங்கே காட்டா3 பொசிற்றிவ் என்பது முகவரி மட்டுமே. அதில் பயப்பட எதுவும் இல்லை.

கெரற்றின் 20 என்பதில்தான் இடத்தின் அருமை நன்றாகத் தெரியும். சிறுநீர்ப்பையின் மேலணியில் மேல்வரிசையில் குடை விரித்தாற்போல் இருக்கும் பெரிய கலங்களை நாங்கள் குடைக் கலங்கள் என்போம். ஆரோக்கியமான சவ்வில் கெரற்றின் 20 அந்த மேல்வரிசையில் மட்டும் கபிலக் கோடு போட்டாற்போல் தெரியும். தட்டையாகப் பரவும் உயர்தரப் புற்றிலோ அடிமுதல் மேல்வரை எல்லா வரிசைகளிலும் அந்த நிறம் ஏறிவிடுகின்றது. இரு தட்டுகளுக்கும் அறிக்கையில் ‘பொசிற்றிவ்’ என்ற ஒரே சொல்லை எழுதிவிட முடியும். நல்ல அறிக்கை ‘முழுத்தடிப்பிலும்’ என்றோ ‘மேற்படையில் மட்டும்’ என்றோ சேர்த்து எழுதும். அப்படி எழுதப்படாவிட்டால் கேட்டுப் பெறவேண்டியது அதுவே.

கி-67 என்பது பிரிந்துகொண்டிருக்கும் கலங்களின் விகிதம். எண் உயர உயரக் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றன என்று கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணுக்கு மேலென்றால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை சிறுநீர்ப்பைக்கு இல்லை. அழற்சியிலும் அது உயரும்.

பி53 சொல்லும் மூன்று கதைகள்

பி53 பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். புரதமும் வைரஸும் சந்திக்கும் இடம் அதுதான். கலத்தின் பரம்பரைப் பொருளுக்குச் சேதம் ஏற்பட்டால் கலப்பிரிவை நிறுத்தி, திருத்த முடிந்தால் திருத்தவும், முடியாவிட்டால் அக்கலத்தை அழியச் செய்யவும் ஏவுகின்ற காவற்புரதம் அது. ஆரோக்கியமான கலத்தில் பி53 உருவாகிய சில நிமிடங்களிலேயே சிதைக்கப்பட்டுவிடுவதால், சாதாரண சவ்வில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலான நிறமே தெரியும்.

முதலாவது கதை விகாரத்தின் கதை. பி53 பரம்பரையலகில் விகாரம், அதாவது பிழையான மாற்றம், ஏற்பட்டு, வேலை செய்யாத ஆனால் சிதையவும் செய்யாத புரதம் கலத்தில் தேங்கினால், ஏறக்குறைய எல்லாக் கலக்கருக்களும் அடர்ந்த கபிலமாகத் தெரியும். உயர்தரப் புற்றிலும் தட்டையான புற்றிலும் இதனை அடிக்கடி காணலாம். கிளைத்து வளரும் தாழ்தரக் கிளைமுகைப் புற்றுகளில் எப்.ஜி.எப்.ஆர்.3 என்ற வேறொரு பரம்பரையலகின் விகாரமே மிகுதி. சில விகாரங்களில் புரதமே உருவாகாமற் போய்த் தட்டு முழுவதும் நிறமற்றுக் கிடக்கும். அந்த ‘நெகற்றிவ்’ உம் நோயின் அடையாளமே. அதைப் படித்து நிம்மதி அடைந்தவர்களை நான் கண்டிருக்கின்றேன்.

இரண்டாவது கதை மனித பப்பிலோமா வைரஸின் கதை. இந்த வைரஸின் 16, 18 ஆகிய வகைகள் ஈ6, ஈ7 என்ற இரு புரதங்களை உருவாக்குகின்றன. ஈ6 கலத்தின் சொந்தக் கழிவகற்றும் பொறிமுறையையே பயன்படுத்தி பி53ஐச் சிதைத்துவிடுகின்றது. ஈ7 ஆர்.பி. என்ற இன்னொரு காவற்புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றது, ஆர்.பி. செயலிழந்ததும் அதனால் அடக்கிவைக்கப்பட்டிருந்த பி16 என்ற புரதம் கலத்தில் பெருகுகின்றது. ஆகவே இவ்வைரஸால் தோன்றிய புற்றில் பி53 மங்கியும் பி16 அடர்ந்தும் இருக்கும். கருப்பைக் கழுத்திலும் தொண்டையிலும் பி16ஐ அந்த வைரஸின் நிழலாகக் கொள்வது இதனால்தான்.

சிறுநீர்ப்பையில் அந்த நிழலை நம்பக்கூடாது என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி. சிறுநீர்ப்பைப் புற்றில் ஆர்.பி. எந்த வைரஸும் இல்லாமலே, வெறும் விகாரத்தால் இழக்கப்படுவதுண்டு. அப்போதும் பி16 அடர்ந்து நிற்கும். தொண்டைக்குச் சரியான வாசிப்பை அப்படியே சிறுநீர்ப்பைக்குத் தூக்கிவந்தால், இல்லாத வைரஸை உண்டென்று எழுத நேரிடும். கொக்குவில் அறிக்கையில் நடந்ததும் இதுதான்: ‘பி16 பொசிற்றிவ், வைரஸ் தொடர்பு இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பு இருந்தது, வைரஸைத் தேடிய பரிசோதனை எதுவும் செய்யப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது கதை பி.கே. வைரஸின் கதை, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. பி53 முதன்முதலில் 1979ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டதே ஒரு வைரஸின் பிடியில் அகப்பட்ட நிலையில்தான், எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸின் பெரிய ரி புரதத்தை இழுத்துப் பார்த்தவர்களின் கையில் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த, அதுவரை அறியப்படாத புரதம் அது. எஸ்.வி.40இன் மனித உறவினரான பி.கே. வைரஸ், சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரிலிருந்து 1971இல் பிரித்தெடுக்கப்பட்டு, அவரின் பெயரின் முதலெழுத்துகளையே பெயராகப் பெற்றது. எங்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது சிறுவயதிலேயே தொற்றிச் சிறுநீரகத்திலும் சிறுநீர்வழியிலும் உறங்கிக் கிடக்கின்றது. நோயெதிர்ப்பு குறைந்தால், குறிப்பாக மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்போரில், அது விழித்துக்கொள்ளும்.

விழித்த வைரஸின் பெரிய ரி புரதம் பி53ஐப் பிடிக்கின்றது; பிடிபட்ட பி53 செயலிழந்தாலும் சிதையாது நிற்பதால் கபில நிறம் அடர்ந்து தெரியும். அதே கலங்கள் பிரிவுச் சுழற்சிக்குள் தள்ளப்படுவதால் கி-67உம் உயரும். நுணுக்குக்காட்டியில் அக்கலங்களின் கரு பெருத்து, கருமை கொண்டு, உள்ளே மங்கிய கண்ணாடி பதித்தாற்போல் இருக்கும். புற்றுக் கலம்போல் வேடம் போட்டு ஏமாற்றுவதால் அவற்றுக்கு ஏமாற்றுக் கலங்கள் என்றே பெயர். நான் முதன்முறை பார்த்தபோது உயர்தரப் புற்று என்று எண்ணி எழுந்துபோய் மேலதிகாரியை அழைத்துவந்தேன், அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, “இந்த ஆளுக்குச் சிறுநீரகம் மாத்தினதோ?” என்று மட்டும் கேட்டார். மாதிரியோடு வந்த படிவத்தில் அதுபற்றி ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனவே சிறுநீரக மாற்றுச் செய்துகொண்டவர், நீண்டகாலம் இறப்பர்க் குழாய் வைத்திருந்தவர், சைக்கிளோபொஸ்பமைட் மருந்து எடுத்தவர் ஆகியோரின் மாதிரி போகும்போது அந்த விவரம் படிவத்தில் எழுதப்பட்டுள்ளதா என்று குடும்பத்தவரே பார்த்துக்கொள்வது நல்லது.

வைரஸ் இருந்தது என்பதும் வைரஸால் வந்தது என்பதும்

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா ‘வைரஸால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்’ என்று ஓர் ஆய்வுச் செய்தியை அனுப்பியிருப்பார். அதனைத் தள்ளிவிடாமலும் முழுவதும் நம்பிவிடாமலும் வாசிப்பதற்குச் சில கேள்விகள் போதும். வைரஸைத் தேடியது சதையிலா சிறுநீரிலா? சிறுநீர் வெளியேறும் வழியிலுள்ள தோலிலும் பப்பிலோமா வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், சிறுநீரில் கிடைத்தது சிறுநீர்ப்பையில் இருந்தது என்று ஆகிவிடாது. கண்டது வைரஸின் பரம்பரைப் பொருளின் ஒரு துணுக்கையா, அல்லது ஈ6, ஈ7 புற்றுக் கலத்துக்குள் உண்மையில் இயங்கிக்கொண்டிருந்ததன் அடையாளத்தையா? புற்றில்லாதவர்களின் சிறுநீர்ப்பையும் அதே முறையில் சோதிக்கப்பட்டதா? புகைப்பவர்களும் புகைக்காதவர்களும் பிரித்துக் கணக்கிடப்பட்டார்களா? இவற்றுள் கடைசிக் கேள்விக்கு விடையில்லாத ஆய்வை நான் மேலே வாசிப்பதில்லை.

இன்றுள்ள நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் பி.கே. வைரஸை, மனிதரில் புற்றை உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. ‘உண்டாக்குகின்றது’ என்ற முதலாம் பிரிவில் வைக்கவில்லை. பப்பிலோமா 16 முதலாம் பிரிவில் உள்ளதாயினும், அது புற்றை உண்டாக்குவது உறுதியான உறுப்புகளின் பட்டியலில் சிறுநீர்ப்பை இடம்பெறவில்லை. அமெரிக்காவின் புற்றுநோய்ப் பரம்பரையலகுத் திட்டம் 2014இல் தசையை எட்டிய 131 சிறுநீர்ப்பைப் புற்றுகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, அவற்றுள் மிகச் சிலவற்றிலேயே வைரஸின் சுவடு கிடைத்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வைரஸ்களைத் தாக்குவதற்காகக் கலம் வைத்திருக்கும் அப்போபெக் என்ற நொதியங்கள், சில வேளை தங்கள் சொந்தக் கலத்தின் பரம்பரைப் பொருளையே கொத்திவிடுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றின் விகாரங்களில் பெரும்பகுதி அந்தக் கொத்தின் வடிவத்தையே கொண்டுள்ளது. இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர், ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதச் சிறுநீர்வழி மேலணியில் பி.கே. வைரஸைத் தொற்றவைத்து இவ்வகைச் சேதம் ஏற்படுவதை 2022இல் காட்டினர். கள்ளன் போய்விட்டான், உடைத்த பூட்டு மட்டும் கிடக்கின்றது என்பதுபோல், வைரஸ் சேதத்தைச் செய்துவிட்டுப் புற்று வளரும் காலத்தில் மறைந்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. கவர்ச்சியான கருத்துத்தான், எனினும் கள்ளனைக் காணவில்லை என்பதையே கள்ளன் வந்ததற்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதால், நான் இன்னும் படலையில் நின்றே பார்க்கின்றேன்.

இவ்வளவையும் கேட்டபின் கோப்பைக் கேள்விக்கு விடை தானாக வரும். புற்றுநோய் ஒட்டாது. பி.கே. வைரஸ் அந்த வீட்டில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்துபோயிருக்கும். பப்பிலோமா வைரஸின் இவ்வகைகள் பாலியல் தொடர்பால் பரவுபவை, சாப்பாட்டுக் கோப்பையால் அல்ல. இலங்கையில் 2017 முதல் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடப்படும் தடுப்பூசி கருப்பைக் கழுத்துப் புற்றுக்காகத் தரப்படுவது. அதனைத் தவறாமல் போடுவிக்கவேண்டும், ஆனால் தகப்பனின் சிறுநீர்ப்பையோடு அதனைத் தொடர்புபடுத்தத் தேவையில்லை.

அன்று நான் பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தகப்பன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து சுருட்டுப் பற்றவைத்தார். சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் புகைத்தலே. புகையிலுள்ள அரோமற்றிக் அமீன்கள் குருதிக்குள் சென்று, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சிறுநீர்ப்பைச் சுவரோடு மணிக்கணக்கில் தங்கிநிற்கின்றன. அதே குடும்பத்து இரசாயனங்கள்தான் 1895இல் பிராங்பேர்ட்டில் லுட்விக் ரேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் சாயத் தொழிலாளரிடம் இந்நோயைக் கண்டு அறிவித்ததற்கும் பின்னணி. புகையிலை விளையும் மண்ணில் வைரஸைப் பற்றி ஒரு மணிநேரம் கேட்கிறார்கள், சுருட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நோய் கண்ட பின்னர் நிறுத்தினாலும் அது பயனுள்ளதே.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு மாதிரி கொண்டுபோகும் விதம்

வெளிநாட்டிலிருந்து வருவோர் சில வேளை என்.எம்.பி.22 என்ற வீட்டுச் சோதனைப் பட்டையைக் கொண்டுவருவதுண்டு. நான்கு துளி சிறுநீர் விட்டு முப்பது முதல் ஐம்பது நிமிடங்களுக்குள் கோட்டைப் பார்ப்பது. சிதையும் கலங்களின் கருவிலிருந்து வெளிப்படும் புரதத்தை அது காட்டுகின்றது. கிருமித்தொற்று, கல், குழாய் எது இருந்தாலும் அந்தக் கோடு விழும். பி.ரி.ஏ. என்ற சோதனையோ சிறுநீரில் இரத்தம் கலந்திருந்தாலே ஏமாறிவிடும். குருதியில் இயல்பாக உள்ள ஒரு புரதத்தையும் அது பற்றிக்கொள்கின்றது. இரத்தம் போகிறதே என்று சோதிக்க வருபவருக்கு இதனால் என்ன பயன் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கமெரா பொருத்திய மெல்லிய குழாயால் உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிக்கு ஈடாக இவற்றில் எதையும் வைத்தியர்கள் ஏற்பதில்லை.

சிறுநீரில் உதிரும் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பரிசோதனை உயர்தரப் புற்றைப் பிடிப்பதில் நல்லது. தாழ்தரத்தை அடிக்கடி தவறவிடும். அதற்குக் காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதற் சிறுநீரைப் பிடிக்கக்கூடாது, இரவு முழுவதும் ஊறிய கலங்கள் அதில் சிதைந்திருக்கும். அதன்பின் சற்று நடமாடிவிட்டு, தண்ணீர் குடித்து, இரண்டாவது முறை கழிப்பதை ஆய்வுகூடம் தரும் சுத்தமான போத்தலில் ஏறத்தாழ ஐம்பது மில்லிலீற்றர் அளவு பிடித்து, தாமதமின்றிக் கையளிக்கவேண்டும். பொதுவாக மூன்று வெவ்வேறு நாட்களில் கேட்பார்கள். நெடுந்தீவிலிருந்து ஓர் ஐயா, கழுவிய டொனிக் போத்தலில் விடியற்காலைச் சிறுநீரைப் பிடித்து, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் வெயிலோடு கொண்டுவந்து தந்தார். தட்டில் கலம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பாவம், அவர் மறுபடியும் வரவேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து வருவோர் வெறும் போத்தலோடு வந்து ஆய்வுகூடத்திலேயே கழித்துக் கொடுப்பதே சிறந்தது.

இதற்கு முந்திய படியையும் குறிப்பிடவேண்டும். நோவின்றிச் சிறுநீர் சிவந்தால் உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு இருப்பது எங்கள் வழக்கம். முதல்நாள் பீற்றூட் கறி சாப்பிட்டாலும் சிலருக்கு அந்நிறம் வரும் என்பது உண்மை. ஆனால் புற்றிலிருந்து வரும் இரத்தம் இரண்டு நாளில் தானாக நின்று, மாதக்கணக்கில் தலைகாட்டாமலும் இருக்கும். இளநீரால் நின்றது என்று எண்ணும் அந்த இடைவெளியில்தான் ரிஏ ரி1 ஆகின்றது.

கிளினிக்குக்குப் போகும்போது அறிக்கையின் மூலப் பிரதியோடு ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: துண்டில் தசை இருந்ததா, கபில நிறம் எந்தப் படையில், எவ்வளவு கலங்களில் படிந்தது, வைரஸ் என்று எழுதப்பட்டிருந்தால் அது நேரடியாகச் சோதிக்கப்பட்டதா, பி16ஐக் கொண்டு ஊகிக்கப்பட்டதா. அறிக்கையின் தலைப்பகுதியில் உள்ள மெழுகுக் கட்டியின் இலக்கத்தையும் கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்கட்டி பல ஆண்டுகள் கெடாது. பின்னர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இரண்டாவது அபிப்பிராயம் தேவைப்பட்டால், நோயாளியை மீண்டும் சுரண்டாமல் அதிலிருந்தே புதிதாகச் சீவி நிறமேற்ற முடியும், இலக்கம் கையில் இருந்தால்.